நோயுற்ற தகப்பனாரும் ஒரு பொய்க் கையெழுத்தும்

பெற்றோருக்குப் பணிவிடை செய்வதன் சிறப்பை நம் இல்லங்களில் விரித்துரைக்க வேண்டிய அவசியமில்லை. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24-ஆம் ஆயத்துகளின் கருத்தை மக்தபில் ஓதும் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அந்தப் பணிவிடையைப் பொய்யைக் கொண்டு செய்யலாமா என்னும் மஸ்அலா இக்காலத்தில் அடிக்கடி நம் முன் வைக்கப்படுகிறது.

ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, திருச்சி பெரிய கடைவீதியில் நம்மவர் ஒருவரின் கடையில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் இதைக் கேட்டார். அவருடைய அத்தாவுக்கு வயது 68. இரண்டு சிறுநீரகங்களும் பழுதுபட்டு, வாரம் இருமுறை டயாலிஸிஸ் செய்தாக வேண்டும். வீட்டு நகைகள் எல்லாம் அடகுக்குப் போய்விட்டன. மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்கலாமென்று போனால், விண்ணப்பத்தில் சர்க்கரை உண்டா, இருதய நோய் உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். உண்மையை எழுதினால் கம்பெனி தள்ளிவிடும். ஏற்றுக்கொண்டாலும், பழைய நோய்க்கு மூன்றாண்டு வரை பணம் தராமல் காத்திருக்க வைக்கலாம். “எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போடுங்கள், ஒருவரும் பார்க்கப் போவதில்லை” என்று ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். “ஹஜ்ரத், அத்தா உயிரைக் காப்பாற்றத்தானே? கம்பெனிக்காரன் கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிறான், இதில் என்ன குற்றம்?” என்பது வாலிபரின் கேள்வி.

இன்ஷூரன்ஸ் கூடுமா கூடாதா என்ற பெரிய விவாதத்துக்குள் இங்கே நாம் புகவில்லை. நம் ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் 1836-இல் வஃபாத்தானவர்கள். கப்பல் சரக்குக்கு வியாபாரிகள் கட்டிவந்த இன்ஷூரன்ஸைப் பற்றி அப்போதே எழுதி, அது ஆகாது என்றார்கள். 1985-இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வியாபார இன்ஷூரன்ஸை மறுத்து, கூட்டுறவு முறையை ஏற்றது. மலேசியாவில் அந்த முறைக்கு 1984-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. ஆகவே நிர்ப்பந்தத்தைக் கருதி அனுமதிக்கும் உலமாக்களும் உண்டு, மறுப்போரும் உண்டு. நம் பேச்சு வேறு. அனுமதித்தவர்களிலும் பொய் எழுதிக் கொடுக்க அனுமதித்தவர் யார்?

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது அடியில் ஈரம் தட்டிய சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டுக் கண்டித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. நோயும் அந்த மழையைப் போன்றதுதான். அது யார்மீதும் குற்றமாகாது, அதை அடியில் தள்ளி மூடியதே குற்றம்.

“நிர்ப்பந்தம் வந்தால் ஹராமும் ஆகுமாகும் என்று நீங்கள்தானே பயானில் சொல்கிறீர்கள்?” என்பார்கள். சொல்கிறோம். அந்தக் காயிதாவுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. நிர்ப்பந்தம் பிறருடைய ஹக்கை அழித்துவிடாது என்பது அது. பசியால் உயிர் போகும் நிலையில் ஒருவன் அடுத்தவன் உணவை எடுத்துத் தின்னலாம். ஆனால் பிழைத்தெழுந்த பின் அதன் விலையை அவன் கொடுத்தாக வேண்டும். கம்பெனியின் பணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மற்ற குடும்பங்கள் கட்டிய பிரீமியம். அதில் பொய் சொல்லி எடுத்ததை எந்தக் காலத்தில் யாரிடம் திருப்பிக் கொடுப்பது? கம்பெனிகள் பொடியெழுத்தில் நிபந்தனைகளை ஒளித்து வைப்பதும் அநியாயம்தான். அதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும்.

இதைவிட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. கையெழுத்தோடு பொய் முடிவதில்லை. கம்பெனி டாக்டர் போனில் விசாரித்தால், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அத்தாவும் சொல்ல வேண்டும். அதாவது, வாழ்நாள் முழுதும் தொழுது வந்த முதியவருக்கு, 68-ஆம் வயதில் மகன் பொய் சொல்லப் பாடம் நடத்த வேண்டும். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தால், எத்தனை ஆண்டாக இந்த நோய் என்று டாக்டர் கேட்பார். உண்மையைச் சொன்னால் அது கேஸ் ஷீட்டில் ஏறும், கம்பெனி பணத்தை மறுக்கும். பொய் சொன்னால் சிகிச்சையே கோணலாகிவிடும். இதற்குப் பெயர் பணிவிடையா? ஐந்தாண்டு தொடர்ந்து கட்டிவிட்டால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். 2024-இல் வந்த விதி அதுதான், 60 மாதம். ஆனால் மோசடி நிரூபணமானால் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்றும் அதே விதியில் இருக்கிறது. அதே ஆண்டில் 65 வயது வரம்பு நீங்கியதும் உண்மையே. ஆனால் தனியொரு விண்ணப்பத்தை நிராகரிக்கக் கம்பெனிக்கு இன்னும் இடமிருக்கிறது.

நிர்ப்பந்தம் என்று சொல்ல, வேறு வழியே இருக்கக்கூடாது. நோயைக் காரணம் காட்டித் தள்ளாத வழிகள் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. டயாலிஸிஸும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் வேண்டும். 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் பாராமல் 5 லட்சம் என்று 2024 அக்டோபர் 29-இல் மத்திய அரசின் திட்டமும் தொடங்கியது. எந்த ஆஸ்பத்திரி அதை ஏற்கிறது என்று முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. நம் வாலிபரின் அத்தாவுக்கு அதற்கு இன்னும் இரண்டாண்டு இருக்கிறது. வாலிபரின் சம்பளம் மாதம் 12,000. ஆண்டுக்கு 1,44,000 என்றாகி, முதல் திட்டத்தின் வரம்பையும் தாண்டிவிடுகிறது. “வருமானத்தைக் குறைத்து எழுதி வாங்கிவிடலாமே?” என்றார். அதுவும் நனைந்த தானியம்தான்.

அவருக்கு உரிய வழி ஈ.எஸ்.ஐ. அந்தச் சட்டம் 1948-இல் வந்தது. 2017 முதல் மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளோருக்கு அது பொருந்தும். அவரை நம்பி வாழும் பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு. சேர்ந்த மறுநாளே உயர்சிகிச்சை எல்லாம் கிடைத்துவிடாது, சந்தா கட்டிய காலத்தைப் பார்ப்பார்கள். ஆனால் நோய் இருக்கிறதென்று யாரையும் வெளியே தள்ளுவதில்லை. 12,000 ரூபாய்க்குத் தொழிலாளி பங்கு 90 ரூபாய், முதலாளி பங்கு 390 ரூபாய்.

அந்தக் கடையில் பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள், ஒருவர் பெயரும் ஈ.எஸ்.ஐ. பதிவில் இல்லை. முதலாளி கெட்டவரல்லர். ஜமாஅத்துக்கு வாரி வழங்குகிறவர், ரமலானில் ஊழியர்களுக்கு ஜகாத்தும் தருகிறவர். ஆனால் ஜகாத்து வேறு, தொழிலாளியின் ஹக்கு வேறு. அந்த 390 ரூபாயை அவர் மாதந்தோறும் கொடுத்திருந்தால் இந்த மஸ்அலாவே என்னிடம் வந்திராது. மகனைப் பார்த்துப் ‘பொய் எழுதாதே’ என்று மிம்பரில் நின்று சொல்லும் நாம், முன் ஸஃப்பில் அமர்ந்திருக்கும் முதலாளியிடம் அவருடைய பதிவேட்டைப் பற்றிக் கேட்பதில்லை. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலைக்கு வைத்திருக்கும் நம் கடைக்காரர்கள் இதை வாசித்தால், நாளைக்கே கணக்குப்பிள்ளையை அழைத்துக் கேட்கட்டும்.

அதுவரை? புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் டயாலிஸிஸ் செய்கிறார்கள். காத்திருக்க வேண்டும், அலைச்சல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வாலிபர் தயங்கியது அலைச்சலுக்காக அன்று. அத்தாவைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதற்காக. நிர்ப்பந்தம் என்று நாம் சொல்வதில் பாதி இப்படிக் கௌரவமாக இருந்துவிடுகிறது. அத்தாவுக்கு நிஸாபு அளவு சொத்து இல்லையென்றால் ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து ஜகாத்து பெறவும் அவருக்குத் தகுதியுண்டு. மகன் தன் ஜகாத்தை மட்டும் தகப்பனாருக்குக் கொடுக்கக் கூடாது. அவருடைய செலவு மகன்மீது கடமையாகவே இருப்பதால்.

ஏற்கெனவே பொய் எழுதி, பிரீமியமும் கட்டி வருகிறவர்கள் என்ன செய்வது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கம்பெனிக்கு உண்மையை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். அவர்கள் பிரீமியத்தைக் கூட்டலாம், பாலிசியை ரத்துச் செய்யலாம், கட்டிய பணம் திரும்பாமலும் போகலாம். அந்த நோய்க்காக ஏதேனும் தொகை வாங்கியிருந்தால் அதையும் கணக்கிட்டுத் திருப்ப வேண்டும், ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையாக.