இரண்டரை மணி நேரம்

குவைத்துக்கும் நம்மூருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். நாகர்கோவில் பக்கத்துக் கோயிலில் நள்ளிரவுப் பூசைக்கு மணி அடிக்கும்போது அங்கே இரவு 9.30. வேலை முடிந்து வந்தவன் அப்போதுதான் பருப்பு தாளிக்கிறான். டிசம்பர் 25 அங்கே அரசு விடுமுறை இல்லை. விடிந்தால் கம்பெனி பஸ் வழக்கம்போல் வந்து நிற்கும். வார விடுப்பு வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிறு பூசையையே வெள்ளியன்று வைத்துக்கொள்கிற ஊர் அது. காலண்டரை வளைக்கப் பழகிவிட்டார்கள். கிறிஸ்துமஸ்தான் வளைய மாட்டேன் என்கிறது.

வீடியோ கால் வருகிறது. அம்மா போனை முந்திரிக்கொத்து டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறாள். திரையில் பாதிக்கு மேல் மின்விசிறிதான் தெரிகிறது.

“சாப்பிட்டியா மக்களே?”

“பிரியாணிம்மா.” தட்டில் இருக்கும் குப்பூஸைக் கேமராவுக்கு வெளியே தள்ளிவிடுகிறான். இந்தப் பொய்யைச் சொல்லாத வளைகுடாப் பிள்ளை யாராவது உண்டா?

அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. போனை எடுத்துக் குடில் பக்கம் திருப்புகிறாள். வைக்கோல், சீரியல் பல்பு, ஓரத்தில் ஓர் இடையன் பொம்மை. அதன் கை இன்னும் ஒட்டப்படவில்லை. போன தடவை லீவுக்கு வந்தபோது உடைத்தவன் இவன்தான்.