நாலு பேர் தூக்கினால் போதுமா?

சங்கராபுரம் பக்கம் ஒரு நாள் டூர் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே கல்வராயன் மலை. கிழக்கே திருக்கோவிலூர். போகிற வழியில் ரிஷிவந்தியம் கோயில், இன்னொரு பக்கம் தியாகதுருகம் மலைக்கோட்டை. ஒரு வேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல பசி... இது போதும்.

கூட வருகிறவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவாக இருக்கலாம். பள்ளிக்கூட நண்பராக இருக்கலாம். இப்போது அந்த பிளான் என்ன ஆகிறது, பாருங்கள்.

முதலில் டிபன். ஹோட்டல் வாசலில் மூன்று படி. யாரையும் தடுப்பதற்காக வைத்த படி அல்ல. சாக்கடைக்கு மேல் ஒரு சிலாப். அது ஒரு படி. மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாதே என்று இன்னொரு படி. பழைய தாரின் மேலேயே புதுத் தார் கொட்டி ரோடு உயர்ந்துகொண்டே போக, கடைக்காரரும் தரையை உயர்த்துகிறார், அது மூன்றாவது. சின்ன ஊர்க் கடைத்தெருவில் படிகள் இப்படித்தான் வளர்கின்றன. உள்ளே போனாலும் கை கழுவும் இடத்துக்கு ஒரு படி. பாத்ரூம் கொல்லைப் பக்கம். அதன் கதவு இரண்டடி அகலம். நாற்காலியே அதைவிட அகலம்!

அடுத்து கோட்டை. அது மலை மேல். அருவி? பாறையில் நடக்க வேண்டும். கோயிலா? கல் வாசற்படி. ஆக, நம் நண்பருக்கு அன்றைய டூர் என்பது வேன் ஜன்னல்தான்.

"அட, நம்ம ஊர்ல மனுஷங்க இல்லையா சார்? ஒரு குரல் கொடுத்தா நாலு பேர் ஓடி வந்து தூக்கிட மாட்டாங்களா?" என்று நீங்கள் கேட்பீர்கள்.

நியாயமான கேள்வி. நிஜமும் அதுதான். டீ குடித்துக்கொண்டிருப்பவர் கிளாஸை வைத்துவிட்டு வருவார். ஆட்டோக்காரர் வருவார். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள். அந்த ஈரம் இன்னும் வற்றவில்லை. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால், நாலு பேர் தூக்கினால் போதுமா?

சின்ன வயதில் போலியோவால் கால்கள் செயலிழந்த நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். "தூக்குறவங்க நல்லவங்கதான் சார். ஆனா நம்ம ஊர்ல நாலு பேர் தூக்கிட்டுப் போறதுக்கு வேற அர்த்தம் இருக்கே! அதை நான் டீ குடிக்கப் போறப்ப எல்லாம் ஒத்திகை பார்க்கணுமா?"

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். "உள்ளே தூக்கிட்டுப் போய் உட்கார வெச்சுடுவாங்க. காபியில சர்க்கரை கம்மியா இருந்தா நீங்க சண்டை போடுவீங்க. என்னால முடியாது. என்னைத் தூக்கின பையன்தானே காபி கொண்டு வந்து வைக்கிறான்? அவன்கிட்ட எப்படி சார் கோவிச்சுக்கறது? வெளியூர் போனா தண்ணி குடிக்கறதையே குறைச்சுக்குவேன். எத்தனை தடவைதான் கூப்பிடறது?"

யோசித்துப் பாருங்கள். தூக்கிவிடப்படுகிறவர் மூன்று விலை கொடுக்கிறார். கேட்க வேண்டும். காத்திருக்க வேண்டும். பிறகு நன்றியோடு இருக்க வேண்டும். கடைக்குள் நுழைந்ததற்காக நீங்களும் நானும் இதுவரை யாருக்காவது நன்றி சொல்லியிருக்கிறோமா? குறை சொல்லும் சுதந்திரம்கூட இல்லாத இடத்தில் ஒருவர் வாடிக்கையாளர் இல்லை, விருந்தாளியும் இல்லை. கடன்காரர். ஒவ்வொரு படியிலும் அந்தக் கடன் ஏறுகிறது.

"வெளிநாட்டில் எல்லா இடத்திலும் சாய்தளம் இருக்கும், உதவ மனுஷன்தான் இருக்க மாட்டான்" என்று சொல்கிறவர்கள் உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? சாய்தளம் வந்தால் அந்த நாலு பேர் காணாமல் போக மாட்டார்கள். தூக்குகிற வேலை போய், பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கான பாடம் திருக்கோவிலூரிலேயே இருக்கிறது. முதல் மூன்று ஆழ்வார்கள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை கொட்டும் இரவு. ஒரு குறுகலான இடைகழி. பொய்கையார் முதலில் வந்து படுத்துக்கொள்கிறார். பூதத்தார் வருகிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று எழுந்து உட்கார்கிறார் பொய்கையார். பேயார் வருகிறார். மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நிற்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இருட்டில் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்கிறார்கள். அது பெருமாள் என்று முடிகிறது கதை.

பக்தியோடு கேட்டாலும் சரி, வெறும் கதையாகக் கேட்டாலும் சரி... ஒன்றைக் கவனியுங்கள். வெளியே நின்றவரை யாரும் தூக்கி உள்ளே போடவில்லை. உள்ளே இருந்தவர் தன் வசதியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். "ஐயோ பாவம், நனைகிறாரே" என்று பரிதாபப்படுவது ஒன்று. எழுந்து உட்காருவது வேறு. நாம் முதலாவதில் கெட்டிக்காரர்கள். நம் கடை, நம் கோயில், நம் ரோடு எதையும் நகர்த்தாமல், நனைகிறவரை மட்டும் தூக்கி வைக்கப் பார்க்கிறோம்.

"பழைய ஊர், பழைய கல், இதில் கை வைக்க முடியுமா?" என்று கேட்கலாம். கை வைக்க வேண்டாம். 2001 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லி வந்தபோது குதுப் மினார் பார்க்க விரும்பினார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடிய ஜாவேத் அபிதி முயற்சி எடுக்க, தற்காலிகமாக மரச் சாய்தளம் வந்தது. கல்லை உடைக்கவில்லை, பலகை போட்டார்கள். நமக்கும் இது புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குக் கல் ஏற்ற, சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டினார்கள் என்று சொல்வதுண்டு. கல்லுக்கே சாய்தளம் போட்ட பரம்பரை, ஸ்வாமி! வெளியே ஓடிய சக்கரம் உள்ளே வரலாமா என்ற தயக்கத்துக்கும் வழி இருக்கிறது. கோயிலுக்கென்றே தனி நாற்காலி. பெரிய கோயில்கள் பலவற்றில் இப்போது வைத்திருக்கிறார்கள்.

அதுவும் வேண்டாம், உங்கள் தெருவையே பாருங்கள். வீட்டுக்கு வீடு வாசலில் சிமென்ட்டில் ஒரு சின்னச் சரிவு இருக்கும். பைக் ஏற்றுவதற்கு! யாரும் சட்டம் போடவில்லை. பைக் படி ஏறாது என்று தெரிந்ததும் நாமே போட்டுக்கொண்டோம்.

ஆனால் அந்தச் சரிவு நாற்காலிக்கு உதவாது. செங்குத்தானது, பின்பக்கம் கவிழ்த்துவிடும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அரையடிப் படிகள் மூன்று என்றால் பதினெட்டு அடி. நேராகப் போட்டால் நடு ரோட்டுக்கு வந்துவிடும். கடையின் முகப்பை ஒட்டிப் பக்கவாட்டில்தான் போட வேண்டும். கடைக்காரர் தனியாக முடிக்கிற காரியம் இல்லை இது. பேரூராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் சேர வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதினார். அதை ஒழுங்காகச் செய்தாலே வருங்காலத்தில் ஒரு படி மிச்சம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'பொதுக் கட்டடம்' என்றால் அரசு ஆபீஸ் மட்டுமல்ல. மக்கள் வந்து போகிற தனியார் கடை, கோயில், பொழுதுபோக்கு இடம் எல்லாமே சேர்த்தி. 2017-ல் விதிகள் வந்தன. ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை மாற்ற ஐந்து வருட அவகாசம். அது 2022-லேயே முடிந்துவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில், இவையெல்லாம் வெறும் ஆலோசனைகளாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாமோ 2010-லேயே 'மாற்றுத்திறனாளி' என்று பெயரை மாற்றிவிட்டோம். படியை மட்டும் மாற்றவில்லை.

சின்ன ஊரில் இதெல்லாம் நடக்குமா என்பவர்கள் தென்காசி பக்கத்து ஆய்க்குடிக்குப் போய் வரலாம். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். 1981-ல் தன் கிராமத்திலேயே அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். 2020-ல் பத்மஸ்ரீ. சக்கர நாற்காலியில் இருந்தவர் கட்டிய இடம். அதனால் அங்கே படி பற்றிய யோசனை கடைசியில் வரவில்லை, முதலிலேயே வந்துவிட்டது.

அருவியை இறக்கிக் கொண்டு வரச் சொல்லவில்லை. மலைக்கோட்டைக்கு லிஃப்ட் கேட்கவில்லை. இயற்கை சிலதை மறுக்கும். அதை ஏற்றுக்கொள்ளலாம். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்தது. திரும்பவும் சரிசெய்தார்கள். புயல் செய்ததை மன்னித்துவிடலாம். சிமென்ட்டில் நாமே வைத்த படிக்கு யார் பொறுப்பு?

அடுத்த முறை உங்கள் ஊர் ஹோட்டலில் பில் கொடுக்கும்போது, முதலாளியிடம் மெதுவாக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "அண்ணே, பக்கவாட்டுல ஒரு சரிவு போட்டா என்ன?" தர்மம் என்று சொல்ல வேண்டாம். வியாபாரம் என்றே சொல்லுங்கள். சக்கர நாற்காலிக்காரர் குடும்பத்தோடு வருவார். ஐந்து இலை. காபியில் சர்க்கரை கம்மியாக இருந்தால் சத்தமும் போடுவார். அதற்கும் அண்ணன் தயாராக இருக்கட்டும்.