வாசலுக்கு வெளியே

கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கையொப்பமிட்டுக் கொடுத்த காசோலை வங்கியிலிருந்து திரும்பிவிட்டால், கொடுத்தவர் பொய்யர் ஆகிவிடுகிறாரா? இக்கேள்வி பல ஆண்டுகளாக என் உள்ளத்தை உறுத்துகிறது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. வேலை இழந்தோரின் துயரை நாடறியும். அவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தோரின் கதை வேறு. அன்று என் பங்கில் இருந்த ஒருவர் கடன் வாங்கி ஆறு அறைகள் கட்டியிருந்தார். கடன் கொடுத்த தனியார் பைனான்ஸ்காரர் ஈடாகக் கேட்டவை தொகையும் தேதியும் எழுதாத மூன்று காசோலைகள். அறைகள் காலியாயின, தவணை நின்றது. ஒரு காசோலை நிரப்பப்பட்டு வங்கிக்குச் சென்று, பணமில்லை என்று திரும்பியது.

1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு 1989 முதல் நடைமுறையில் உள்ளது. ஈராண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயினும் அச்சட்டத்திலும் பொறுமை உண்டு. எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பி, அது கிடைத்த பின் 15 நாள் அவகாசம் தர வேண்டும். இவருக்கோ அறிவிப்பு வரவில்லை, ஆட்கள் வந்தார்கள். முதலில் வீட்டிற்கு, பிறகு மகள் வேலை செய்த ஒரகடம் ஆலையின் வாயிலுக்கு, இறுதியில், ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் வெளியேறும் வேளையில், ஆலய வாசலுக்கு.

அவர் உள்ளே ஓடிவந்து என் கையைப் பற்றிக்கொண்டார். "சாமி, நான் இங்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள்" என்றார்.

குருமடத்தில் பொய்யைப் பற்றிய பாடம் எங்களுக்கு விரிவாகவே நடத்தப்பட்டது. அதில் எதுவும் அன்று உதவவில்லை. "உள்ளேதான் இருக்கிறார், இப்போது வரமாட்டார்" என்று அவர்களிடம் சொன்னேன். அது துணிவா, பொய் சொல்ல அஞ்சிய கோழைத்தனமா, இன்றும் எனக்குத் தெரியவில்லை. வந்த இளைஞருள் ஒருவர் அதே ஆலையில் வேலை இழந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

பொய் என்றால் ஏமாற்றப்பட்டவர் ஒருவர் இருக்க வேண்டும். வெற்றுக் காசோலையை வாங்கியவருக்கு அந்தக் கணக்கில் பணமில்லை என்பது நன்றாகவே தெரியும். பணம் இருந்தால் அவரிடம் கடனுக்கு ஏன் வருகிறார்? ஆகவே அவர் பெற்றது வாக்குறுதியை அன்று; ஒரு மனிதரின் மானத்தையும் அச்சத்தையும் அடகாகப் பெற்றார். வெற்றுக் காசோலையில் தாமே விரும்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்தவரும் பொறுப்பாளியே என்று 2019-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடனைப் பொறுத்தவரை அது சரியே. என் பங்கு மனிதரும் குற்றமற்றவர் அல்லர். மனைவிக்குத் தெரியாமல் கையொப்பமிட்டார்; முதல் தவணை தவறியபோதே நேரில் போய்ச் சொல்லாமல் ஒளிந்தார்.

ஆனால் இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரம் கடன் கொடுத்தவருக்கும் ஓர் எல்லைக்கோடு கிழிக்கிறது. அடகுப்பொருளை வாங்க அவர் வீட்டிற்குள் நுழையலாகாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவரே அதை எடுத்து வந்து கொடுப்பார். மாவரைக்கும் திரிகைக்கல்லை அடகாகக் கேட்கவே கூடாது; அது பிழைப்பு. மகளின் ஆலை வாயிலில் போய் நின்றவர்கள் கேட்டது திரிகைக்கல்லை அன்றி வேறென்ன? கடனை வசூலிக்க வங்கிகள் அடியாட்களை ஏவுவதை உச்சநீதிமன்றம் 2007-இல் கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் கடன்பட்டவரை அழைக்கக் கூடாதென ரிசர்வ் வங்கி 2022-இல் ஆணையிட்டது. வலுக்கட்டாய வசூலைத் தண்டிக்கத் தமிழ்நாடு 2025-இல் தனிச்சட்டமே இயற்றியது. வாசற்படியைக் காக்க இத்தனை தேவைப்பட்டிருக்கிறது.

மனைவியின் நகைகளை விற்று, அசலும் வட்டியுமாக 2016-இல் அவர் கடனைத் தீர்த்தார். அறைகளில் இப்போது வடமாநில இளைஞர்கள் குடியிருக்கிறார்கள். மீதமிருந்த இரண்டு காசோலைகளைக் கேட்டு மும்முறை போய்வந்தார். தேடிப் பார்த்துத் தருவதாகச் சொன்னார்களாம்.