நழுவிய குறிகாட்டி

கைத்துப்பாக்கியைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று அன்பர்கள் வியக்கக்கூடும். வியப்பு நியாயமானதே. ஆயினும் நேர்மையைப் பற்றிய நுண்ணிய வினா ஒன்று அந்தச் சிறு கருவிக்குள் இருக்கக் கண்டமையால் எழுதத் துணிந்தோம்.

ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னிழுத்த பிறகே சுடத்தக்க ரிவால்வர் பழைய வகையைச் சார்ந்தது. 1873-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கோல்ட் ரிவால்வரில் பின்புறக் குறிகாட்டி என்று தனியே ஓர் உறுப்பு இல்லை. உடற்சட்டத்தின் மேற்புறத்தில் வெட்டிய பள்ளமே அவ்வேலையைச் செய்தது. அது நழுவாது, திருத்தவும் இயலாது. பின்னாளில் வந்த பலவற்றில் குறிகாட்டி தனி உறுப்பாயிற்று. புறாவின் வால்போல் அடி அகன்று மேல் குறுகிய காடியிலே செருகப்பட்டோ, திருகாணியால் பிடிக்கப்பட்டோ நிற்கிறது. திருத்தத் தக்கதாக ஆனபோதே நழுவத் தக்கதாகவும் ஆகிவிட்டது. காடி சற்றே தளர்வாக அமைந்தாலும், திருகாணி முழுதும் இறுகாதிருந்தாலும், வெடிப்பின் உதைப்பில் அது மயிரிழை மயிரிழையாக விலகும். புத்தம் புதிய துப்பாக்கியிலும் இது நேர்வதுண்டு. முன் காட்டிக்கும் பின் காட்டிக்கும் இடைவெளி 150 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். பின்னது அரை மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தொலைவில் குண்டு 8 சென்டிமீட்டருக்கும் மேல் விலகிப் பாயும்.

சுடுகிறவன் முதலில் ஐயுறுவது தன் கையைத்தான். இது நல்ல குணமே; ஆனால் எப்போதும் சரியான தீர்ப்பாகாது. கை நடுங்கினால் துளைகள் சிதறிக் கிடக்கும். குறிகாட்டி விலகி நின்றால் துளைகள் ஒன்றாகக் கூடியிருக்கும். கூடிய இடம்தான் தவறாயிருக்கும். அதிலும் ஐயம் எழுந்தால் மணல் மூட்டையின்மேல் துப்பாக்கியைத் தாங்க வைத்து, வேறொருவரைச் சுடச் செய்து பார்க்க வேண்டும். இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. குறிகாட்டி நடுவில் நிற்கும்போதே, அதற்கும் சட்டத்துக்கும் குறுக்கே ஒரு மெல்லிய கோடு இழுத்துவிட வேண்டும். பிறகு நழுவினால் கோடு முறிந்து நிற்கும், வழக்காட வேண்டியதில்லை.

2021-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் மனு பாக்கரின் துப்பாக்கி நடுப்போட்டியில் பழுதுபட்டது. நேரம் போயிற்று, இறுதிச் சுற்று வாய்ப்பும் போயிற்று. (அவரே 2024-இல் பாரிசில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார்.) அது உடைந்ததை உலகமே பார்த்தது, ஆகவே அவர் கையை மட்டுமே குறைகூற எவராலும் இயலவில்லை. மெல்ல நழுவும் கருவிக்கோ சாட்சி சொல்ல ஒருவருமில்லை.

இனி நம் வினாவுக்கு வருவோம். குறிகாட்டி இடப்புறம் நழுவியிருப்பதை உணர்ந்த ஒருவர், அதைத் திருத்தாமல், ஒவ்வொரு முறையும் இலக்குக்குச் சற்று வலப்புறம் குறிவைத்துச் சுடுகிறார். குண்டு இலக்கில்தான் படுகிறது. இவர் செய்ததில் பிழை உண்டா?

ஓசூரின் தொழிற்சாலைகளையும் பட்டறைகளையும் எண்ணும்போது இவ்வினா கனக்கிறது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய நாள்முதல், கருநாடக எல்லையோரமாகிய அவ்வூரில் இரும்பு கடையும் ஓசை பெருகிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் தொழிலாளர் ஷிப்ட் முறையில் வந்துபோகின்றனர். அங்குள்ள லேத்துகள் பலவற்றில் வெட்டும் கருவியைத் தாங்கும் சறுக்கி நகர்வது நாம் மேலே சொன்ன அதே புறாவால் காடியின்மேல்தான். தேயத் தேய அதில் ஆட்டம் உண்டாகும். பழகிய கைக்கு அது தெரியும். எண்வட்டம் காட்டுவதைவிட ஓர் இழை கூட்டியோ குறைத்தோ திருப்பிச் சரியான அளவில் உருப்படியைக் கடைந்துவிடுவார். அது கைத்திறனே, நாம் மறுக்கவில்லை.

ஷிப்ட் முடிகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த புதுப் பையன் அதே இயந்திரத்தின் முன் நிற்கிறான். எண்வட்டத்தை நம்பித் திருப்புகிறான். உருப்படிகள் தள்ளுபடியாகின்றன. “கை சரியில்லை” என்று பேர் வாங்குகிறான். அவனுடைய கை சரியாகத்தான் இருந்தது. அவனுக்கு முன் நின்றவரின் மௌனமே அவன்மீது பழியாக விழுந்தது. தமக்குத் தெரிந்த பிழையை இரகசியத் திறமையாக வைத்துக்கொள்வதால் இலக்கு தவறுவதில்லை; அடுத்து வருபவனுக்கு அநீதி நேர்கிறது.

முன்னவரையே முழுக் குற்றவாளியாக்கவும் நமக்கு மனம் வரவில்லை. அவர் முன்பே சொல்லியிருக்கலாம். இயந்திரத்தை நிறுத்தினால் அன்றைய எண்ணிக்கை குறையும் என்று மேலிருப்போர் தள்ளிப்போட்டிருக்கலாம். இரண்டு முறை சொல்லிப் பயன் காணாதவர் மூன்றாம் முறை வாய் திறப்பது அரிது. ஆனால் பையனிடம் சொல்வதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லையே!

வண்டி கோக்கும் தொழிற்சாலைகளில் மரையை இறுக்கியதும் அதன்மேலும் அடித்தட்டின்மேலும் சேர்த்து ஒரு வண்ணக்கோடு இழுப்பார்கள். மரை அசைந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். இறுக்கியவரை நம்பாமையால் இட்ட கோடு என்று சிலர் குறைப்படுவர். நமக்கோ அது அவரைக் காப்பதற்கு இட்ட கோடாகவே படுகிறது. தாம் கைவிட்டபோது அது நேராக இருந்தது என்பதற்கு, அவர் வீடு சென்ற பின்னும் அங்கே நிற்கும் சாட்சி அதுதான்.