பின்பனியில் ஓர் உள்தவம்

(நெய்வேலியில் அன்பர் ஒருவர் இல்லத்தில் நடைபெற்ற சுவாத்தியாயக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று நம் முன்னோர் பருவத்தைப் பகுத்து வைத்தனர். மாசி பிறந்ததுமே குளிர் ஓடிவிட்டதென்று இளையோர் போர்வையை மடித்து வைத்துவிடுகின்றனர். முதியோர்க்கோ அப்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பகலில் வெயில் காய்கிறது. வைகறையில் பனி இறங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே தளர்ந்த உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாமல் தடுமாறுகிறது.

இந்நகரியத்தின் வாழ்க்கை முறை நீங்கள் அறியாததன்று. 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, மறு ஆண்டு சுரங்கப் பணி தொடங்கிய நாள்முதல், பல ஊர்களிலிருந்தும் மக்கள் இங்கே வந்து குடியேறினர். திண்டிவனம், வந்தவாசிப் பகுதிகளில் நிலத்தையும் சினாலயத்தையும் விட்டு வந்த நம்மவர்க்கு, பெற்றோரை விட்டு வந்தது மட்டும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரில் தனித்திருக்கும் தாய்க்கு இருமல் என்று செய்தி வந்தால், அடுத்த விடுப்பில் சென்று அழைத்து வந்துவிடுகிறோம். வட்டத்துக் குடியிருப்பில் உள்ள அறைகளுள் ஒன்று அவருக்கு. மகன் மூன்று முறைப்பணிகளுள் ஏதேனும் ஒன்றில் இருப்பான். பேரப்பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கும். எஞ்சி நிற்பவர் மருமகள் ஒருவரே.

அத்தகைய மருமகள் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசித் திங்களில் என்னிடம் கேட்டார்: “ஐயா, அட்டானிகம் வருகிறது. சென்ற ஆண்டும் நந்தீசுவர பூசைக்கு நான் வரவில்லை. இவ்வாண்டும் இயலாது. உண்ணாநோன்பு ஏற்றால் அத்தையைத் தூக்கி உட்கார வைக்கக் கையில் வலுவிருப்பதில்லை. சாமாயிகத்தில் அமர்ந்தால் உள்ளேயிருந்து அழைக்கிறார். அறம் என் கையைவிட்டுப் போகிறதே!”

நான் உடனே விடை கூறவில்லை. கூறக்கூடிய விடை ஏட்டில் இருந்தது. அதைச் சொல்லும் தகுதி எனக்கிருந்ததா என்பதுதான் ஐயம். என் தாயின் இறுதி நாட்களில் அவர் எச்சிற்கலத்தைக் கழுவியவள் என் தமக்கை. நான் அருகில் அமர்ந்து நூல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

தவம் இருவகைத்து என உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வகுக்கிறார். புறத்தவம் ஆறனுள் முதலில் நிற்பது உண்ணாநோன்பு. உள்தவமும் ஆறு: பிராயச்சித்தம், விநயம், வையாவிருத்தியம், சுவாத்தியாயம், வியுத்சர்க்கம், தியானம். இவற்றுள் மூன்றாவதாகிய வையாவிருத்தியமாவது, நோயாலும் தளர்வாலும் வருந்துவோர்க்கு உடலால் செய்யும் பணி. அது சுவாத்தியாயத்திற்கும் தியானத்திற்கும் முன்னே வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்! நூலை விரிப்பதற்கு முன் நோயாளியின் படுக்கையை விரிக்க வேண்டும் என்றே அவ்வரிசை எனக்குப் படுகிறது. தீர்த்தங்கரப் பெருநிலைக்குக் காரணமான பதினாறு பாவனைகளுள்ளும் இப்பணி இடம் பெற்றுள்ளது.

இங்கே கற்றறிந்தோர் ஒரு தடை எழுப்பலாம். ஆசாரியர், உபாத்தியாயர், தவசி, நோயுற்ற முனிவர் என்று பதின்மரைக் குறித்தே அச்சூத்திரம் பேசுகிறது. சமந்தபத்திர சுவாமிகள் இதனை இல்லறத்தார்க்குச் சிட்சா விரதமாக வைத்தபோதும், துறந்தோரின் துன்பம் துடைத்தலையும் பாதம் வருடுதலையுமே குறித்தார். மாமியார்க்கு இது எங்ஙனம் பொருந்தும் என்பர். தடை நேர்மையானது, மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன். முனிவரின் புண்ணைக் கழுவும் கை எங்கே பழகும்? வீட்டிலிருக்கும் முதியவரின் வாயைத் துடைக்கக் கூசிய கை, சங்கம் வந்த அன்று திடீரென்று கூச்சம் நீங்கிவிடுமோ?

உத்தாயண மன்னனின் வரலாற்றைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் அருவருப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக நின்றவன் அவன். தொழுநோயுற்ற முனிவர் வேடத்தில் வந்த தேவன், அளித்த உணவையெல்லாம் உண்டு, அரசன் அரசி இருவர் மீதும் உமிழ்ந்தான். மன்னன் முகம் சுளிக்கவில்லை; ‘ஒவ்வாத உணவை அளித்துவிட்டோமே’ என்று தன்னையே நொந்துகொண்டு, நீரெடுத்து அவன் உடலைத் தூய்மை செய்தான். இக்கதையில் என் மனம் தோயுமிடம் ஒன்றுண்டு. அரண்மனையில் ஏவலர்க்குக் குறைவில்லை. கழுவியது மன்னனின் கையே. பிரபாவதி பார்த்துக்கொள்வாள் என்று அவன் உள்ளே சென்றுவிடவும் இல்லை. முறைப்பணி முடிந்து வந்து, “அம்மா சாப்பிட்டார்களா?” என்று வாயிலிலிருந்தே கேட்டுவிட்டுப் படுக்கப் போகும் மைந்தர்கள் சற்று நினைத்துப் பார்க்கட்டும்!

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

அந்த அம்மையார் என்னைக் கேட்ட சில நாட்களில் அவருடைய மாமியார் உணவை ஒதுக்கத் தொடங்கினார். வயது எண்பதைக் கடந்தவர். கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மூன்றாம் நாள் நீரும் வேண்டாமென்றார், பேச்சும் குழறியது. காய்ச்சல் இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த உறவினர்கள் மெல்லப் பேசிக்கொண்டனர்: “புண்ணியவதி, தாமாகவே ஆகாரத்தை விட்டுவிட்டார். இது சல்லேகனைதான். கலைக்க வேண்டாம்.” எவரும் தீய எண்ணத்தால் கூறவில்லை. பக்தியும் களைப்பும் ஒன்றாய்க் கலந்திருந்தன.

மருமகள் மட்டும் ஒன்றைக் கவனித்தார். இரவில் மூச்சு விரைந்து வாங்கியது. விலாப் பக்கம் ஒட்டி ஒட்டி எழுந்தது. யாருக்கும் விடை சொல்லாமல், விடியுமுன் கணவரைத் தொலைபேசியில் அழைத்து, மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றுவிட்டார். நுரையீரலில் சளி கட்டிய நிமோனியா என்றனர். முதியோர்க்கு இந்நோய் காய்ச்சலே இல்லாமல் வருவதுண்டு. உணவை வெறுத்தலும் நினைவு தடுமாறலும் மட்டுமே அடையாளமாக நிற்பதுண்டு. குளிர்நாளில் தாகம் தோன்றாமையால் அவர்கள் நீர் அருந்துவதும் குறைந்துவிடுகிறது. அதுவும் சேர்ந்து உடலை வாட்டுகிறது. பத்து நாட்களில் அம்மையார் தேறி வீடு திரும்பினார்.

அன்பர்களே! சல்லேகனை நம் அறத்தின் மணிமுடி. செஞ்சிக்கருகே திருநாதர் குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டை இன்றும் காணலாம். 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இராசத்தான் உயர்நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலையோடு சேர்த்துத் தடை செய்தபோது நாம் அனைவரும் கொதித்தெழுந்தோம். அத்திங்கள் முடிவதற்குள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அன்று நாம் உலகுக்குச் சொன்னது என்ன? இது தெளிந்த அறிவோடு தாமே ஏற்கும் நோன்பு. பிறர் சுமத்துவதன்று என்றோம். அச்சொல் நம் வீட்டுப் பின்னறையிலும் மெய்யாக வேண்டாமா?

இரத்தினகரண்டக சிராவகாசாரம் இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவற்றைச் சொல்லும்போது, அவை மாற்று இல்லாதவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்கிறது. பத்து நாள் மருந்தில் தீரும் சளி மாற்றில்லாத நோயாகுமா? நினைவு தடுமாறியவர் நோன்பு ஏற்றவராவாரா? மருத்துவம் கைவிட்ட நிலையும், தெளிந்த உள்ளமும், குருவின் இசைவும் கூடிவரும் நாள் வேறு. அந்நாளிலும் பணிவிடை ஓய்வதில்லை. சிவாரியர் இயற்றிய பகவதி ஆராதனையைப் புரட்டிப் பாருங்கள். நோன்பேற்ற ஒரு முனிவருக்குத் துணையிருக்க நாற்பத்தெட்டு நிர்யாபகர்! தாங்கிப் பிடித்துத் திருப்பிப் படுக்க வைப்போர் நால்வர், அறவுரை கூறுவோர் நால்வர், மலம் அகற்றுவோர் நால்வர், வாயில் காப்போர் நால்வர் என்று பணி பகுக்கப்பட்டிருக்கிறது. காலம் பொல்லாததாயின் எண்ணிக்கை குறையலாம், இருவருக்குக் குறையலாகாது. தனியொருவர் போதாது என்று துறவிக்கே விதித்திருக்க, நாம் ஒரு மருமகளிடம் அத்தனையையும் ஒப்படைத்துவிட்டு, அவர் கைசோர்ந்த நேரத்தில் முதியவரின் பட்டினிக்குப் புனிதப் பெயர் சூட்டுகிறோம். துணையின்றிக் கிடப்பவரின் பசிக்கு ஆகமத்தில் அந்தப் பெயர் இல்லை.

நடைமுறையில் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். மாசியில் கதிரவன் ஆறேகால் மணியளவில் மறைகிறான். இராவுணவு நீத்த முதியவர்க்கு மாலை ஐந்தரைக்குள் கஞ்சியும், காய்ச்சி வடித்த நீரும் சேர்ந்தாக வேண்டும். பகலெல்லாம் சிறிது சிறிதாக, கேட்காவிட்டாலும், நீர் கொடுங்கள். நம் விரதத்தை மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். பல மருந்துகளின் வேளையைப் பகலுக்கு மாற்றித் தர இயலும். மாற்ற இயலாத மருந்தும் உண்டு. நீரிழிவுக்காரர்க்கு இரவில் சர்க்கரை தாழ்ந்தால் உயிருக்கே இடர். அத்தகைய வேளையில் நேரும் குறைக்காகத்தான் உள்தவ வரிசையின் தலையில் பிராயச்சித்தம் நிற்கிறது. இதில் என்னோடு மாறுபடும் பெரியோர் உளர் என்பதையும் அறிவேன்.

அந்த அம்மையார் அவ்வாண்டும் அட்டானிக பூசைக்குச் செல்லவில்லை. நிறைமதி நாளன்று பிற்பகல் நான் அவர் இல்லம் சென்றிருந்தேன். முதியவர் தலையணையில் சாய்ந்து, பஞ்ச நமஸ்காரத்தை விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். விட்ட இடங்களை மருமகள் எடுத்துக் கொடுத்தார். மகன் அன்று விடுப்பெடுத்திருந்தார். கட்டிலருகே தரையில் அமர்ந்து, கிண்ணத்துக் கஞ்சியைக் கரண்டியால் கிளறி ஆற்றிக்கொண்டிருந்தார்.