புழுவின் பசி

டி.டி.கே. சாலைக்குப் பின்னால், எங்கள் ஆழ்வார்பேட்டை வீட்டுக் கொல்லையில் ஐந்து நாட்டுக்கோழிகள். நாங்கள் சைவம், முட்டையெல்லாம் வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளைகளுக்கு. ஆடியில் கறுப்பியின் கொண்டை வெளுத்தது. தூக்கினால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் உறுத்தியது. “வயித்துல பூச்சிம்மா, மருந்து குடுங்க” என்றார் அந்த அம்மா, பார்த்த மாத்திரத்தில்.

எச்சத்தை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப்போனோம். உருளைப்புழு. அல்பெண்டசோல் கொடுத்தால் புழுவுக்குச் சர்க்கரைச் சத்து கிடைக்காமல் போய்ப் பட்டினியில் சாகும் என்றார் டாக்டர். பைப்பரசின் அப்படியில்லை, தசையைத் தளர்த்தும், பிடி விட்ட புழு உயிரோடே வெளியே வந்துவிடும்.

பட்டினி என்ற சொல் என்னை உலுக்கிவிட்டது. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. பசியாற்றுவதே ஜீவகாருண்யம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். பைப்பரசினையே கேட்டு வாங்கி, தண்ணீரில் கலந்து வைத்தேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை எச்சத்தில் கிடந்தது: வெள்ளையாக, சுண்டுவிரல் நீளத்தில், ஒரு முனை மட்டும் மெல்ல அசைய. எறும்புகள் வந்துவிட்டிருந்தன. குடலுக்கு வெளியே அதற்கு ஏது வாழ்வு? சாவை நான் தடுக்கவில்லை, இடம் மாற்றி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சமணர் கணக்கில் புழுவுக்கு இரண்டு அறிவு, கோழிக்கு ஐந்து. சிறியதை விட்டுப் பெரியதைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மனசு ஒப்பவில்லை. இரண்டறிவு உயிருக்கும் பசி பசிதானே. ஆனால் பேத்திக்குப் பள்ளியில் அதே அல்பெண்டசோல், 400 மில்லிகிராம், கொடுத்தார்களே, அன்று இந்தக் கேள்வி எனக்கு எழவே இல்லை. “முழுங்கினியா?” என்று மட்டும் கேட்டேன். கோழிக்கு மட்டும் நான் அகிம்சை பார்த்தால், கோழியிடம் எனக்குப் பிரியம் போதவில்லை என்றுதான் அர்த்தம்.

மருந்து கொடுத்தது தப்பில்லை. தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழும். ஈரமும் சூடும் இருந்தால் இரண்டு வாரத்தில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். கிராமத்துக் கோழி காடு கரையெல்லாம் மேயும். இங்கே பத்தடிக்கு எட்டடி. எச்சம் போட்ட இடத்திலேயே இரை பொறுக்கியாக வேண்டும். அடைத்து வைத்தவள் நான். அவ்வளவு புழுக்கள் பெருகியதும், அவ்வளவும் சாக நேர்ந்ததும் என்னால். அதைக் கறுப்பியின் தலையில் கட்ட மாட்டேன்.

பக்கத்து அடுக்குமாடி மறைப்பதால் கொல்லையில் வெயில் பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான். அதற்குள் எச்சத்தை வாரி, மண்ணைக் கிளறிக் காயவிடுகிறேன். தண்ணீர்ச் சட்டியைக் கல்மேல் ஏற்றிவிட்டேன், கீழே சிந்தி ஈரமாகாமல். கறுப்பிக்குக் கொண்டை சிவந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி எச்சத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.