சொல்லும் ஒரு கூலியே

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குச் செல்லும் இளைஞர்களும் இளம்பெண்களும் முதலில் மனப்பாடம் செய்வது தம்மைப் பற்றிய சில வாக்கியங்களைத்தான். நேர்முகத் தேர்வில் கேள்வி வந்ததும், 'நான் ஒரு ஹார்ட் ஒர்க்கர், சின்சியர், டெடிகேட்டட்' என்று ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொல்ல வேண்டும். கூடவே சில மரபுத்தொடர்களையும் கற்கிறார்கள். இரவெல்லாம் கண்விழித்து உழைப்பதை நள்ளிரவு எண்ணெயை எரிப்பது என்கிறது ஆங்கிலம். வேலையில் முனைந்து இறங்குவதைச் சட்டைக் கையைச் சுருட்டிவிடுவது என்கிறது. சட்டையே அணியாத நம் பாட்டனார் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். பாட்டியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். உடை வேறாயினும் கருத்து ஒன்றே.

இதில் குறை காண்பது நம் நோக்கமன்று. பிழைப்புக்கு மொழி வேண்டும். பிறமொழிச் சொல் வந்தால் தமிழ் அழிந்துவிடும் என்ற அச்சமும் நமக்கில்லை. மணிலா நகரின் பெயரைத் தாங்கி வந்த கடலை, மணிலாக்கொட்டையாகிப் பின் மல்லாட்டையாகி, இம்மண்ணின் சொல்லாகவே வேரூன்றிவிட்டது. நம்மை உறுத்தும் கேள்வி வேறு. உழைப்பைப் போற்றும் சொற்களை நாம் யாருக்குக் கொடுக்கிறோம்? யாருக்கு மறுக்கிறோம்?

சொற்கள் நம்மிடம் வந்து பொருள் மாறுவதைக் கவனிப்போம். 'சின்சியர்' என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ளும் புறமும் ஒன்றாயிருப்பவர் என்பது பொருள். நாமோ, மேற்பார்வை இல்லாதபோதும் ஒழுங்காக வேலை செய்பவரைச் 'சின்சியரானவர்' என்கிறோம். நேர்மையை உழைப்போடு இணைத்த இந்த மாற்றம் அழகானது. 'டியூட்டி'யின் கதை வேறு. கடமை என்னும் பெரும்பொருள் கொண்ட அச்சொல், விழுப்புரம் இரயில் சந்திப்பிலும் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் வேலை நேரம் என்ற அளவுக்குச் சுருங்கியது. எட்டு மணி நேரம் கழிந்தால் டியூட்டி முடிந்தது. கடமை முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

ஆங்கிலத்தின்மேல் பழிபோடவும் வழியில்லை. 'கடமைக்குச் செய்தான்', 'கடனே என்று செய்தான்' என்று தமிழில் சொன்னாலும், மனமில்லாமல் செய்தான் என்றுதானே பொருள்? மனம் விலகிவிட்டால் எந்த மொழியிலும் சொல் வெறுங்கூடாகிவிடுகிறது.

தன்னை 'ஹார்ட் ஒர்க்கர்' என்று சொல்லப் பயிலும் அதே இளைஞன் விண்ணப்பத்தை நிரப்பும்போது, தாயின் தொழில் என்ற இடத்தில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று எழுதுகிறான். யாராவது கேட்டால், 'அம்மா வீட்டில் சும்மாதான் இருக்கிறார்கள்' என்கிறான். அந்த அம்மா விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு, மல்லாட்டைக் கொல்லைக்குக் களை எடுக்கப் போனவராக இருக்கலாம். செடியின் விழுது மண்ணுக்குள் இறங்கிய பின் நிலத்தைக் கொத்திக் கிளறினால் காய் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். டி.எம்.வி. என்று பெயர் தாங்கிய மல்லாட்டை இரகங்களை நாட்டுக்குத் தந்தது திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். அந்த வித்து விளைச்சலாவதற்கு இந்தப் பெண்களின் விரல்நுனி அறிவும் வேண்டியிருந்தது.

ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் முதற்கட்டமாக 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. விழுப்புரம் அவற்றில் ஒன்று. அச்சட்டம் அவ்வேலையை 'அன்ஸ்கில்டு' உடலுழைப்பு, அதாவது திறன் வேண்டாத உழைப்பு என்று வகைப்படுத்தியது. நிர்வாக வசதிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்திருக்கலாம். ஆனால் நாம் அதைவிடக் கடுமையாகப் பேசினோம். வெயிலில் ஏரி மண்ணைச் சுமந்தவர்களைப் பார்த்து, 'நூறு நாள் வேலைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்' என்று மின்விசிறியின் கீழ் அமர்ந்துகொண்டு நகைத்தோம். ஏமாற்றியவர் சிலர் இருந்திருக்கலாம். அலுவலகங்களில் அப்படிப்பட்டவர் இல்லையா? அங்கே ஒருவரின் சோம்பல் அவர் ஒருவருடைய குறை. ஏழைகளிடத்தில் மட்டும் அதை ஓர் இனத்தின் குணமாக்கிவிடுகிறோம்.

திருக்குறளின் 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. 1886இல் ஜி. யு. போப் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் அதன் தலைப்பு 'மேன்லி எஃபர்ட்', அதாவது ஆணுக்குரிய முயற்சி என்றாயிற்று. தமிழுக்கு அவர் செய்த தொண்டை நாம் மறவோம். ஆனால் நம் ஊரில் 'நடவுக்குப் பத்து ஆள் வேண்டும்' என்றால், வந்து நிற்பவர் பத்துப் பெண்கள். மரக்காணத்து உப்பளங்களில் கண்ணைக் கூசும் வெண்மையில், உப்புநீர் பாதங்களை அரிக்க, கூடை சுமப்பவர்களிலும் பெண்கள் பலர். அவர்களுடையது ஆள்வினை இல்லையென்றால் வேறு எது ஆள்வினை?

திருச்சபை இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தொழிலாளரின் நியாயமான கூலிக்காகக் குரல் கொடுத்தார். 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'லபோரெம் எக்ஸர்சென்ஸ்' மடலில், வேலையின் மதிப்பு அது எவ்வகை வேலை என்பதைவிட, அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதிலேயே தங்கியுள்ளது என்று விளக்கினார். இக்கண்ணோட்டத்தில், துடைப்பம் பிடித்த கைக்கும் எழுதுகோல் பிடித்த கைக்கும் மாண்பு ஒன்றே.

உழைக்க மனமில்லாதவர் உண்ணவும் வேண்டாம் என்று பவுலடியார் எழுதியதைச் சிலர் ஏழைகளுக்கு எதிராக எடுத்துக்காட்டுவதுண்டு. அவர் கண்டித்தது மனமில்லாதவரை. வேலை கிடைக்காதவரை அன்று. திராட்சைத் தோட்ட உவமையில், நாள் முழுதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று தலைவர் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள் அவர்கள். விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு சாலைச் சந்திப்பில் காத்துநின்று, பத்து மணிக்கு வெறுங்கையோடு திரும்பும் கொத்தனாரும் சித்தாளும் சொல்லும் விடை அதுவே. அந்தத் தலைவர் 'சும்மா' என்ற சொல்லோடு நின்றுவிடவில்லை. அவர்களின் பதிலைக் கேட்டார்; வேலை கொடுத்தார்; முழுக் கூலியும் கொடுத்தார்.

தமிழில் ஒரு சொல் உண்டு: பாடு. உழைப்பதைப் பாடுபடுதல் என்கிறோம்; உழைப்பவரைப் பாட்டாளி என்கிறோம். இயேசு சிலுவையில் ஏற்ற துன்பங்களையும் திருப்பாடுகள் என்றே வணங்குகிறோம். ஆண்டவரின் துன்பத்தையும் ஏழையின் உழைப்பையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது. ஆயினும் இதை ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொண்டால் தவறிவிடுவோம். பாடுகள் புனிதமானவை என்று போதித்துவிட்டுக் கூலியைக் குறைப்பவர், சிலுவையைச் சுமப்பவர் பக்கம் நிற்கவில்லை. அதைச் சுமத்துகிறவர் பக்கம் நிற்கிறார்.

உழைப்பாளிக்குக் கூலி பாக்கி வைப்பது பாவம் என்று நாம் அறிவோம். சொல்லும் ஒரு கூலியே. பணம் கொடுத்துவிட்டு மதிப்பான சொல்லை மறுப்பதும், இனிய சொல்லைக் கொடுத்துவிட்டுப் பணத்தை மறுப்பதும் பாதிக் கூலி கொடுப்பதேயாகும்.

இளைஞர்களே, நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் தயங்காமல் பேசுங்கள். 'ஹார்ட் ஒர்க்' என்றால் என்னவென்று அங்கே கேட்டால் அகராதியைத் தேட வேண்டாம். உங்கள் தாயைப் பற்றிச் சொல்லுங்கள். அடுத்த முறை விண்ணப்பத்தில் அவருடைய தொழிலைக் கேட்கும் இடத்தில், அவர் செய்யும் வேலையை எழுதுங்கள்.